பிரேக் கீச்சுக்கு வாங்கிய சாமான்கள்: எது உபயோகம், எது தண்டச் செலவு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். முன் சக்கர பிரேக்கில் கீச்சென்று சத்தம் வந்தால் முதலில் வாங்க வேண்டியது புது பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) அல்ல. ஒரு சின்ன டியூப் சிலிகான் கிரீஸ், ஒரு டப்பா பிரேக் கிளீனர், அவ்வளவுதான். பேட் தேவையா இல்லையா என்பது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆன்லைனில் ‘வெளியே இருந்து தெளித்தால் போதும், சத்தம் போய்விடும்’ என்று விற்கிறார்களே ஒரு ஸ்பிரே, அதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

என் வண்டி 2015 வேகன்-ஆர், பெட்ரோல். எனக்குத் திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம். சரக்கு ஏற்றிக்கொண்டு இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி டவுனுக்கும் போய்வருவதுதான் இந்த வண்டிக்கு வேலை. போன வருடம்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் முன் பேட் மாற்றினேன். ஆடி முடிவதற்குள் மறுபடி கீச். திரும்பக் கொண்டுபோனால் ‘பேடும் டிஸ்க்கும் சேர்த்து மாத்தணும் சார்’ என்று ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். சக்கரத்தைக் கழற்றாமலே எழுதிய எஸ்டிமேட் அது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். கீச் சத்தத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது: “ஏ தம்பி, எப்ப வருதுன்னு முதல்ல பாரு. எங்கன வருதுன்னு பொறவு பாக்கலாம்.” ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் இந்த ‘எப்ப’ என்ற கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் வண்டியை எடுத்ததும் முதல் நாலைந்து பிரேக்கில் மட்டும் கரகரவென்று வந்து, பிறகு சுத்தமாக நின்றுவிட்டால் அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, ராத்திரி மழை பெய்தாலோ வண்டியைக் கழுவி நிறுத்தினாலோ விடிவதற்குள் துருப்பிடித்துவிடும். பேடே அதைத் தேய்த்து எடுத்துவிடும். உவரிப் பக்கம் கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது தினசரிக் கதை, இதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

பிரேக்கைத் தொடாமலே ஓடும்போது மெல்லிய விசில் மாதிரி வந்து, பிரேக்கை மிதித்ததும் நிற்கிறதா? பேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம் இருக்கலாம். பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். நம்மை எச்சரிக்கவே செய்து வைத்தது அது.

வண்டி நிற்கப்போகும் நேரத்தில், மெதுவாக உருளும்போது, மெல்ல மிதித்தால் மட்டும் கீச்சென்று வந்தால் அது அதிர்வு. பேட் டிஸ்க்கைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து என்று ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடுங்குகிறது, அதுதான் காதில் கீச்சென்று விழுகிறது. பேட் ஆடுவதற்கு இடம் இருந்தால், பின்பக்கம் காய்ந்து கிடந்தால், டிஸ்க்கைத் தொடும் முகம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிப்போயிருந்தால் இந்த நடுக்கம் அதிகமாகும். மாஞ்சோலைப் பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இந்தப் பளபளப்பு சீக்கிரம் வந்துவிடும். என்னுடையது இந்த ரகம்தான்.

திடீரென்று, நேற்று வரை இல்லாத ஒரு பயங்கரக் கிறீச், பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் வருகிறதென்றால் பதற வேண்டாம். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டு மறைப்புக்கும் நடுவே ஜல்லி மாட்டியிருக்கும். ரோடு வேலை நடக்கிற இடங்களில் போய்வந்தால் இது சகஜம். கொஞ்சம் பின்னோக்கி ஓட்டினாலே சில நேரம் விழுந்துவிடும், இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி அந்தத் தகட்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் போதும்.

கடைசியாக, கீச் இல்லாமல் இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தம் வந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வீட்டு வைத்தியம் அங்கே முடிந்துவிட்டது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க அண்ணாச்சி இன்னொரு வழி சொன்னார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீளமான மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டி மிதிக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சக்கரமானால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதைப் பிளக்கும். அப்புறம், கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க்கைத் தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டு சோதனையிலும் முன் இடது சக்கரம்தான் மாட்டியது.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திசையன்விளை, குட்டம் பக்கம் தேரிக்காடு. ஆனி ஆடியில் மேல்காற்று எழும்பினால் அந்தச் செம்மண் தேரி மணல் ரோட்டிலும் வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும், பிரேக்குக்குள் மட்டும் இல்லாமல் போகுமா? நான் கழற்றியபோது காலிப்பருக்குள் (பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கவ்வி) இருந்த தூசி சிவப்பாகவே இருந்தது. பேட் தூசி கறுப்பு, இது சிவப்பு. மணல் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே போனால் டிஸ்க்கில் கோடு கோடாகக் கீறிவிடும். கூடவே உப்புக் காற்று. ஆலங்குளத்திலோ அம்பாசமுத்திரத்திலோ இருப்பவர்களுக்கு இந்த அளவுக்குத் தொந்தரவு இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, கழற்றுவது. தரை சமமாக இருக்க வேண்டும், கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போட வேண்டும், பின் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. வண்டியோடு வருகிற ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், ஜாக் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் எந்த வீட்டு முற்றத்திலும் ஹாலோ பிளாக் கல் கிடக்கும், அதை எடுத்து முட்டுக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

சக்கரம் வந்ததும் காலிப்பரின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி மேலே திருப்பினால் பேட் இரண்டும் கைக்கு வந்துவிடும். முழுதாகக் கழற்றினால் காலிப்பரை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில் (ஹோஸ்) தொங்க விடக் கூடாது.

இடது சக்கரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். உள் பேடும் வெளி பேடும் ஒரே நாளில் மாட்டியவை. வெளி பேடில் பாதிக்கு மேல் இருக்கிறது, உள் பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, முகமும் பளபளக்கிறது. இப்படி ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், காலிப்பர் நகர்ந்து கொடுக்கவில்லை. காலிப்பர் இரண்டு பின்களின் (வழுவழுப்பான இரும்புக் குச்சிகள்) மேல் வழுக்கி நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும், சமமாக விடும். கீழ்ப் பின்னை இழுத்தேன், வரவில்லை. பிளையரால் திருகித் திருகி எடுத்தபோது பழைய கிரீஸ் சிரட்டையில் காய்ந்த பாகு மாதிரி இறுகி ஒட்டியிருந்தது. போன வருடம் புது பேட் போட்டவர்கள் இந்தப் பின்னை வெளியே எடுத்துப் பார்க்கவே இல்லை. பேட் மாற்றியும் சத்தம் திரும்பியதற்கு இதுதான் காரணம், டிஸ்க்கைச் சேர்த்து மாற்றியிருந்தாலும் திரும்பித்தான் இருக்கும்.

இனி ஒவ்வொரு சாமானாக.

சிலிகான் கிரீஸ், சின்ன டியூப், கடையில் 140 ரூபாய் கொடுத்தேன். முழு மதிப்பெண். பின்னைத் துடைத்து, ஓட்டைக்குள்ளும் துணியை விட்டுச் சுத்தம் செய்து, மெல்லியதாகத் தடவி மாட்டியதும் காலிப்பர் ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது. வீட்டில் கிடக்கும் சாதாரண வண்டி கிரீஸைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த கிரீஸ் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை ஊத வைத்துவிடும், உறை ஊதினால் அந்தப் பின் மறுபடி இறுகும். அள்ளி அப்பவும் கூடாது, உள்ளே காற்று அடைத்துக்கொண்டு அந்தப் பின் போய் உட்காராது.

பிரேக் கிளீனர், 500 மில்லி டப்பா, 350 ரூபாய் சொச்சம். இதுவும் நல்ல சாமான். அடித்ததும் சிவப்பும் கறுப்புமாக வழிந்து ஓடி, துடைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சுவதில்லை. காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, பெயிண்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். காலிப்பர் பிராக்கெட்டில் பேட் உட்காருகிற இடத்தில் துரு ஏறியிருந்தால் ஸ்பிரே மட்டும் போதாது, கம்பி பிரஷ் வேண்டும். இன்னொன்று, பிரேக் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரஸரில் காற்று அடித்து விரட்டவோ செய்யாதீர்கள். ஒர்க்ஷாப்களில் அப்படித்தான் செய்கிறார்கள், இருந்தாலும் அது நுரையீரலுக்கு ஆகாது. ஸ்பிரேயால் நனைத்துத் துணியில் துடைத்து எடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

செராமிக் பேஸ்ட், ஒரு சின்ன பாக்கெட். பேடின் முதுகில், பிஸ்டன் (பிரேக் மிதிக்கும்போது பேடைத் தள்ளும் உருளை) தொடும் இடத்திலும், பேடின் காதுகள் கிளிப்பில் உட்காரும் இடத்திலும் ஒரு பொட்டுத் தடவினால் அந்த நடுக்கம் இரும்புக்குப் பரவாது. செம்பு கலந்த பேஸ்ட்டும் கடையில் இருந்தது, நான் செராமிக்கை எடுத்தேன், ரப்பருக்குக் கெடுதல் இல்லாதது என்பதால். எதை வாங்கினாலும் பேடின் முகத்தில் மட்டும் படவே கூடாது. பட்டால் அந்த பேட் குப்பைக்குத்தான் போக வேண்டும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இதே காரணத்துக்காகத்தான் பூட்டுக்கும் சைக்கிள் செயினுக்கும் அடிக்கிற துரு நீக்கி ஸ்பிரேயைக் கொண்டுவந்து டிஸ்க்கில் அடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் நிற்கும், உண்மைதான், பிரேக்கும் நின்றுவிடும்.

கிளிப் செட். பிராக்கெட்டில் மாட்டுகிற மெல்லிய ஸ்டீல் தகடுகள். பழையதன் இறுக்கம் போனால் பேட் லொடலொடவென்று ஆடும், முக்கியமாக ரிவர்ஸில் எடுத்துப் பிரேக் போடும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சில பேட் பெட்டிகளிலேயே இது இருக்கும். எனக்கு அப்படி இருந்ததால் தனியாக வாங்கிய செட் மிச்சமாகிவிட்டது.

பேட். உள் பேட் அந்த நிலைமையில் இருந்ததால் மாற்றியே ஆக வேண்டியதாயிற்று. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தேதான் மாற்ற வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில், கடைக்கார அண்ணாச்சி ரானே பெட்டியையும் டி.வி.எஸ். கிர்லிங் பெட்டியையும் எடுத்து வைத்தார். இரண்டுமே நம் மாநிலத்துக் கம்பெனிகள்தான். டி.வி.எஸ். தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் 1877-இல் பிறந்தது நம்ம நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடியில், அதனால் ஊர்ப் பாசம் அந்தப் பெட்டியை எடுக்க வைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஓரங்களைச் சரிவாகச் சீவியிருக்கிறார்கள், முதுகில் சத்தம் தாங்கும் தகடும் ஒட்டியிருக்கிறது, இரண்டுமே கீச்சைக் குறைக்கச் செய்வது. விலை கூடின செராமிக் பேடும் இருந்தது. சத்தமும் தூசியும் குறைவு என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டுகிற வேகன்-ஆருக்கு அது அவசியமில்லை என்பது என் கட்சி.

பழைய பேடை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடலாமா என்றால், தடிமன் போதுமான அளவு இருந்து, முகம் மட்டும் பளபளத்துப் போயிருந்தால் போடலாம். 80 அல்லது 100 நம்பர் தாளைச் சமமான கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும். வலது சக்கரத்து பேடை அப்படித் தேய்த்து டிக்கியில் உபரியாக வைத்திருக்கிறேன்.

டிஸ்க்கில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், கோடுகள் இருந்தன, நகம் மாட்டும் ஆழம் இல்லை. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். லேத் பட்டறையில் இருக்கும் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில் அதற்கு மேலேயே இருந்தது. மாற்றவில்லை. எஸ்டிமேட்டில் பெரிய தொகை இந்த டிஸ்க்குக்குத்தான் போட்டிருந்தார்கள்.

பிஸ்டன் தள்ளும் கருவி என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறது. நான் வாங்கவில்லை. பக்கத்து ஆசாரியிடம் இருந்த சி கிளாம்ப்பை வாங்கி, நடுவில் பழைய பேடை வைத்து மெதுவாகத் திருகினேன், பிஸ்டன் உள்ளே போய்விட்டது. அதற்கு முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலே ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். ஆயில் கறுத்திருந்தால் மாற்றும் காலமும் வந்துவிட்டது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியே தாங்கினால் போதும் என்றுதான் தரக் கணக்கே வைத்திருக்கிறார்கள். மலைப் பாதையில் அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

அந்த ‘தெளித்தால் போதும்’ ஸ்பிரேக்கு வருகிறேன். வாங்கியது வண்டியைக் கழற்றுவதற்கு முன்னால், பரீட்சை பண்ணிப் பார்க்கத்தான். டப்பா மஞ்சள் கலரில் பளிச்சென்று இருக்கிறது. சக்கரத்தின் இடுக்கு வழியாக அடித்தேன், சத்தம் போயிற்று, சில நாளில் திரும்பி வந்தது. பின்னர் சாதாரண பிரேக் கிளீனரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியில் அடித்துப் பார்த்தால் வாசனையும் அதே, காய்கிற வேகமும் அதே, விலை மட்டும் இரண்டு மடங்கு. மேலே இருந்த தூசியைக் கழுவிவிட்டதால் கிடைத்த அமைதி அது. இறுகின பின்னை எந்த ஸ்பிரேயும் வெளியே இருந்து எடுக்காது.

பின் சக்கரத்தில் இருப்பது டிஸ்க் அல்ல, டிரம் பிரேக். அதை நான் வீட்டில் திறப்பதில்லை, ஸ்பிரிங்கெல்லாம் தெறிக்கும், எனக்குப் பொறுமை கிடையாது. ஊரில் இருக்கும் மெக்கானிக் தம்பியிடம் விட்டு, உள்ளே இருக்கும் தூசியை நனைத்துத் துடைக்கவும், ஷூ (டிரம்முக்குள் இருக்கும் பிரேக் கட்டை) உரசுகிற பின் தகட்டின் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸை ஒரு பொட்டு வைக்கவும் சொன்னேன். “அண்ணே, அங்க கிரீஸ் வைக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றான். அந்தப் பக்கமும் இப்போது சத்தம் இல்லை.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரை வரைக்கும் போகும். இதை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் முதல் சத்தம் காம்பவுண்டு கேட்டில்தான் கேட்கும். அப்புறம் புது பேடைப் பழக்க வேண்டும். விடிகாலையில் இட்டமொழி ரோடு காலியாக இருக்கும்போது, 50 வேகத்தில் இருந்து 10 வரை அழுத்தமாக, ஆனால் முழுதாக நிறுத்தாமல் குறைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறைத்து என்று எட்டுப் பத்துத் தடவை செய்தால் பேடின் பூச்சு டிஸ்க்கில் சமமாக ஏறும். இதைச் செய்யாமல் விட்டால் புது பேடும் கீச்சிடும், அதற்கும் கம்பெனியைத்தான் திட்டுவார்கள்.

கடையைப் பற்றி. வண்ணார்பேட்டையில் மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, பலகை மங்கிப்போய்விட்டது. அண்ணாச்சி வண்டியின் வருடம் கேட்காமல் சாமான் எடுக்க மாட்டார், பழைய பேடைக் கொண்டுபோனால் வைத்துப் பார்த்தே கொடுப்பார். பில் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. மிச்சமான கிளிப் செட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டு காசைத் திருப்பித் தந்தார். குறை என்று சொன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது, பைக்கில் போவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மதியம் இரண்டு மணிவாக்கில் போனால் அண்ணாச்சி சாப்பிடப் போயிருப்பார், பையன் மட்டும் இருப்பான். அவனிடம் பேட் வாங்குவதானால் பெட்டியை அங்கேயே திறந்து கிளிப் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.